ஞாயிற்றை அளக்கும் கண்களும் தமிழும்

(மீஞ்சூரில் தமிழன்பர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



மீஞ்சூருக்கு நேர்வடக்கே, நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், சிரீஅரிக்கோட்டா ஏவுதளம் இருக்கின்றது. அங்கிருந்து ஏவூர்தி கிளம்பும் நாளில் இவ்வூர் மாடிகளில் மக்கள் கூடுவர். பொன்னேரியிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் பழவேற்காட்டுக் கரைக்குச் சிறுவர் ஓடுவர். வடவானில் ஒரு தீக்கொழுந்து எழும், அதன்பின் வெண்புகை நீளும், பிறகு ஒன்றுமிராது. அண்ணாந்த தலைகள் தாழும்; அவரவர் தத்தம் வேலைக்குத் திரும்புவர்.

ஆனால் பழவேற்காட்டு மீனவர்க்கு அந்நாள் வேடிக்கை நாளன்று. ஏவூர்தி கிளம்பும் நாளில் கடலுக்குச் செல்லலாகாது என்று அவர்க்கு அறிவிப்பு வரும். வலை கரையில் காயும். அடுப்பும் உடன் காயும். உலகம் பாராட்டும் ஒவ்வொரு விண்வெளி வெற்றிக்கும் அம்மீனவர் தம் ஒருநாட் கூலியை விலையாகக் கொடுக்கின்றனர். அங்ஙனமாயின், அவ்வேவூர்தி எதற்காகப் போயிற்று, எதைக் கண்டது, கண்டதனால் யாருக்கு என்ன பயன் என்று அறிந்துகொள்ளும் முதலுரிமை அவருக்கும், இக்கரையில் வாழும் பிறர்க்கும் உண்டன்றோ? அதனை அவர்தம் தாய்மொழியில் எடுத்துரைக்கும் கடமை யாருடையது? இவ்விரு வினாக்களும் இப்பொழிவின் பொருளாகும்.

காரிக்கிழமை முற்பகல் 11.50

2023 செபுதம்பர் 2 ஆம் நாள், திருவள்ளுவர் ஆண்டு 2054, காரிக்கிழமை முற்பகல் 11.50 மணிக்கு பி.எசு.எல்.வி. சி-57 ஏவூர்தி கிளம்பியது. அது சுமந்து சென்ற விண்கலம் ஞாயிற்றை ஆய்வதற்கென்றே இந்தியா விடுத்த முதற்கலம். எடை ஏறத்தாழ 1,480 கிலோ. அதன் பெயர் ஆதித்தியா எல்-1. ஆதித்தியன் என்பது வடசொல், தமிழில் ஞாயிறு. பெயரைப் பற்றிப் பின்னர்க் காணலாம். முதலில் செயலைக் காண்போர்க்கே பெயரைப் பற்றிப் பேசும் தகுதி உண்டு.

அக்கலம் நான்கு திங்கள் பயணத்துக்குப் பின் 2024 சனவரி 6 ஆம் நாள் தன்னிடம் சேர்ந்தது. அவ்விடம் நிலவுலகிலிருந்து ஞாயிறு இருக்கும் திசையில் 15 இலக்கம் கிலோமீட்டர். கேட்பதற்குப் பெருந்தொலைவு, ஆயின் ஞாயிற்றுக்கும் நிலவுலகுக்கும் இடையே உள்ள 15 கோடி கிலோமீட்டரில் அது நூற்றில் ஒரு பங்குதான். ஞாயிற்றை ஆய்வதற்கு ஞாயிற்றின் அருகே போகவேண்டுவதில்லை. இடையறாது பார்க்கத்தக்க இடம் ஒன்று கிடைத்தாற் போதும்.

அந்த இடத்தின் சிறப்பைப் பொன்னேரிப் பக்கத்து உழவர் எளிதில் உணர்வர். களத்தில் பிணையல் கட்டிப் போரடிக்கும்போது நடுக்கம்பைச் சுற்றி மாடுகள் வரிசையாகச் செல்லும். உள்மாட்டுக்கு வட்டம் சிறிது; வெளிமாட்டுக்கு வட்டம் பெரிது. அவிழ்த்துவிட்டால் உள்மாடு தன் சுற்றை முன்னதாகவே முடித்துவிடும். கயிற்றாற் பிணைத்திருப்பதனால் இரண்டும் ஒரே நேரத்தில் சுற்றை முடிக்கின்றன. விண்ணிலும் இதனை ஒத்ததே நிகழ்கின்றது. ஞாயிற்றுக்கு அணித்தே சுற்றும் பொருள் விரைந்து சுற்றும். சேய்த்தே சுற்றும் பொருள் மெல்லச் சுற்றும். ஆனால் குறித்த ஓரிடத்தில் நிலவுலகின் ஈர்ப்பு, கயிறுபோல் உள்மாட்டைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கின்றது. அவ்விடத்தில் உள்ள கலம் நிலவுலகோடு சேர்ந்தே ஓராண்டில் ஞாயிற்றைச் சுற்றி வரும். இத்தகைய இடங்களைக் கணித்துக் காட்டியவர் பதினெட்டாம் நூற்றாண்டின் இலக்ராஞ்சு என்னும் கணிதப் பேரறிஞர். எல்-1 என்பது அவர் பெயரால் வந்த குறி. அவ்விடத்தைச் சுற்றி ஒரு வட்டணையில் ஏறத்தாழ 178 நாளுக்கு ஒருமுறை கலம் வலம் வருகின்றது. அங்கே இரவில்லை, நிலவுலகின் நிழலோ நிலவின் நிழலோ கலத்தின் பார்வையை மறைப்பதில்லை.

ஏன் வானுக்கு ஏறவேண்டும்?

தரையிலே தொலைநோக்கி இருக்க, வானுக்கு ஏன் ஏறவேண்டும் என வினவலாம். கரணியம் இரண்டு. ஒன்று, நிலவுலகைப் போர்த்தியிருக்கும் காற்று. உயிர்களைக் காக்கும் அப்போர்வை, புறவூதாக் கதிரையும் ஊடுகதிரையும் பெரிதும் தடுத்துவிடுகின்றது. உயிர்க்கு அது நன்மை; ஆய்வாளர்க்கு அது திரை. ஞாயிற்றின் சீற்றங்கள் தம்மை வெளிப்படுத்துவதோ அக்கதிர்களில்தான். மேலும் காற்றின் அசைவால் விண்மீன் ஒளி நடுங்குகின்றது. குழந்தைகள் கண்டு மகிழும் மின்னல், அளப்போர்க்கு இடையூறு.

மற்றொன்று, ஞாயிற்றின் சொந்த ஒளி. ஞாயிற்றைச் சூழ்ந்து மெல்லிய வெண்படலம் ஒன்று இருக்கின்றது. முடிபோல் சூழ்ந்திருத்தலின் அதனை முடியொளி எனலாம். அது ஞாயிற்று வட்டத்தின் ஒளியில் பத்திலக்கத்தில் ஒருபங்கு அளவுக்கே மங்கலானது. முழு மறைப்பின்போது நிலா ஞாயிற்றை மறைக்கும் சில மணித்துளிகளில் மட்டுமே அது வெறுங்கண்ணுக்குப் புலப்படும். ஆதித்தியா கலத்தின் முதன்மைக் கருவி, ஞாயிற்று வட்டத்தைத் தானே மறைத்துக்கொண்டு முடியொளியை நாள்தோறும் பார்க்கின்றது. வேறொரு கருவி புறவூதா ஒளியில் ஞாயிற்றைப் படம் பிடிக்கின்றது. இரண்டு கருவிகள் ஊடுகதிரை அளக்கின்றன. எஞ்சிய மூன்றும் கலத்தின்மேல் வந்து மோதும் துகள்களையும் காந்தப்புலத்தையும் அளக்கின்றன. ஆகக் கருவிகள் ஏழு.

அவை விடைதேடும் புதிர் வியப்பானது. அடுப்பினின்று விலக விலக வெம்மை குறையும்; இது வீட்டில் எல்லாரும் அறிந்தது. ஞாயிற்றிலோ மாறாக நிகழ்கின்றது. அதன் மேற்பரப்பின் வெப்பம் ஏறத்தாழ 5,500 பாகை. அதனினும் விலகியிருக்கும் முடியொளியின் வெப்பமோ பத்திலக்கம் பாகைக்கு மேல்! விலகிய இடத்தில் வெம்மை ஏன் ஏறுகின்றது? காந்தப்புலம் முறுக்கி அறுவதனாலும் அலைகளாக அசைவதனாலும் அந்த ஆற்றல் மேலேறுகின்றது என்பது அறிஞர் கருத்து. எது எவ்வளவு என்பது இன்னும் முற்றத் தெளியவில்லை.

இம்முயற்சியில் இந்தியா தனித்து நிற்கவில்லை. ஐரோப்பியரும் அமெரிக்கரும் கூடி 1995 இல் விடுத்த சோகோ கலம் அதே எல்-1 இடத்திற்குச் சென்றது. 2018 இல் விடுத்த பார்க்கர் கலம் 2024 திசம்பர் 24 அன்று ஞாயிற்றின் பரப்புக்கு 61 இலக்கம் கிலோமீட்டர் அணித்தே சென்று மீண்டது. 2024 திசம்பர் 5 அன்று இதே சிரீஅரிக்கோட்டாவிலிருந்து ஐரோப்பியரின் புரோபா-3 இணைகலங்கள் கிளம்பின. ஒன்று மற்றொன்றுக்கு 150 மீட்டர் முன்னே நின்று ஞாயிற்றை மறைக்க, பின்னது முடியொளியைப் பார்க்கின்றது. மாந்தன் தானே ஒரு மறைப்பை உண்டாக்கிக் கொள்கின்றான்! அதனைச் சுமந்த தீக்கொழுந்து மீஞ்சூருக்கு வடக்கே எழுந்ததுதான்.

தமிழ்மண்ணில் ஊன்றிய தூண்

இவை யாவும் நேற்றுத் தோன்றியன அல்ல. சென்னையில் 1786 இல் தனியார் ஒருவர் தம் வீட்டில் அமைத்த வான்காண் நிலையம், பின்னர்க் கும்பனியாரிடம் சேர்ந்து, 1792 இல் நுங்கம்பாக்கத்தில் நிலைபெற்றது. அங்கே தொலைநோக்கியைத் தாங்கக் கருங்கல் தூண் ஒன்றை நட்டனர். நிலையம் அமைந்த செய்தியை அத்தூணிலே பிறமொழிகளோடு தமிழிலும் பொறித்தனர். வெள்ளையன் நட்ட தூணிலேயே தமிழுக்கு இடமிருந்தது என்பதை இன்றைய ஆட்சியாளர் எண்ணிப் பார்ப்பாராக!

அந்நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி 1867 இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874 இல் வெள்ளிக்கோள் ஞாயிற்று வட்டத்தைக் கடந்தபோது, அந்நிகழ்ச்சியைப் பொதுமக்களுக்கு விளக்கச் சிறுநூல் எழுதி நாட்டு மொழிகளில் பரப்பினார். வானத்தைக் கண்டவர் கண்டதை மக்களிடம் சொல்லவும் வேண்டும் என்ற அறம் அன்றே இங்கு இருந்தது.

1868 ஆகத்து 18 ஆம் நாள் முழு மறைப்பு நேர்ந்தது. அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூரில் பிரான்சு நாட்டுச் சான்செனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை நிலையத்துப் போக்சனும் ஞாயிற்றொளியைப் பிரித்து ஆய்ந்தனர். அவ்வாய்வுகளிலும் அவற்றைத் தொடர்ந்த ஆய்வுகளிலும் புலப்பட்ட மஞ்சள் கோடு, நிலவுலகில் அதுவரை அறியப்படாத ஒரு தனிமத்தைக் காட்டியது. கிரேக்க மொழியில் ஞாயிற்றைக் குறிக்கும் சொல்லால் அதற்கு ஈலியம் என்று பெயரிட்டனர். தமிழிலும் எல் என்பது ஞாயிற்றைக் குறிக்கும் பழஞ்சொல். ஆதலின் அதனை எல்லியம் என வழங்குவோர் உளர். ஞாயிற்றில் முதலிற் கண்ட தனிமம், 1895 இல்தான் நிலவுலகில் பிரித்தெடுக்கப்பெற்றது.

அடுத்து, கோடைக்கானல். அந்நிலையம் எழுந்த கதை கண்ணீரிற் பிறந்தது. சென்னை மாகாணத்தை வற்கடங்கள் வாட்டின. 1876 முதல் 1878 வரை நேர்ந்த பெருவற்கடத்தைத் தமிழர் தாது ஆண்டுப் பஞ்சம் என இன்றும் நினைவு கூர்வர். மழை ஏன் பொய்க்கின்றது, அதற்கும் ஞாயிற்றின் மாற்றங்களுக்கும் தொடர்புண்டா என்ற கேள்வி எழுந்தது. 1893 இல் கெல்வின் தலைமையிற் கூடிய குழு, ஞாயிற்றை ஆய்வதற்கு ஒரு நிலையம் கோடைக்கானலில் வேண்டும் என முடிவு செய்தது. 1899 இல் நிறுவப்பெற்ற அந்நிலையத்தில் 1909 சனவரியில் எவர்செட், ஞாயிற்றின் கரும்புள்ளியிலிருந்து வளி வெளிநோக்கிப் பரவுவதைக் கண்டறிந்தார். இன்றும் உலகநூல்கள் அதனை அவர் பெயராலேயே வழங்குகின்றன. 1904 முதல் ஞாயிற்றை அங்கே படமெடுத்து வருகின்றனர். நூறாண்டுக்கு மேற்பட்ட அப்படங்கள் உலகில் ஒருசில இடங்களிலேயே கிடைக்கும் அருஞ்செல்வம். பதினோராண்டுக்கு ஒருமுறை கரும்புள்ளிகள் பெருகுவதும் சுருங்குவதும் அப்படங்களில் வரிசையாகக் காணப்பெறும்.

கோடைக்கானல் நிலையத்தின் வழித்தோன்றலாகிய வானியற்பியல் நிறுவனந்தான் ஆதித்தியா கலத்தின் முதன்மைக் கருவியைச் செய்தது. நிலையம் தமிழ்மண்ணில், தலைமையகமோ பெங்களூரில். அக்கலத்தின் திட்ட இயக்குநராக இருந்தவர் செங்கோட்டையிற் பிறந்து, திருநெல்வேலி அரசுப் பொறியியற் கல்லூரியில் பயின்ற நிகர் சாசி அம்மையார். மலையும் தமிழருடையது, மதியும் தமிழருடையது, பெயர் மட்டும் வடமொழியினது!

ஞாயிறும் ஒரு விண்மீனே

ஞாயிற்றை ஆய்வது விண்மீன்களை ஆய்வதற்கு வாயில். ஞாயிறும் ஒரு விண்மீனே. அணித்தே இருத்தலின் பெரிதாகத் தோன்றுகின்றது. அதன் ஒளி நிலவுலகை அடைய 8 மணித்துளியும் 20 நொடியும் ஆகும். அதற்கு அடுத்த அண்மை விண்மீனின் ஒளி வந்தடைய நான்காண்டுக்கு மேலாகும்.

விண்மீனுக்கும் பிறப்பும் இறப்பும் உண்டு. 1930 இல் சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று முடித்த 19 அகவை இளைஞர் ஒருவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கப்பலிலிருந்தே ஒரு கணக்கிட்டார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீன், ஞாயிற்றைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் எடையுற்றால் நிலைத்து நில்லாது என்பதே அக்கணக்கின் முடிவு. அக்காலத்துப் பேரறிஞர் எடிங்டன் அதனை ஏற்க மறுத்தார். இளைஞர் கலங்கவில்லை, அரை நூற்றாண்டு கழித்து 1983 இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. அவர்தாம் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1999 இல் அமெரிக்கர் விண்ணில் நிறுத்திய ஊடுகதிர்த் தொலைநோக்கிக்கு அவர் பெயரையே சூட்டினர். சென்னையிற் படித்த ஒருவர் பெயர் வானில் வலம் வருகின்றது.

2015 செபுதம்பர் 28 அன்று, இதே சிரீஅரிக்கோட்டாவிலிருந்து சென்ற அசுட்ரோசாட்டு கலம், புறவூதாவிலும் ஊடுகதிரிலும் விண்மீன்களை ஆய்வதற்கு இந்தியா விடுத்த முதல் விண்தொலைநோக்கி நிலையம். தரையிலோ, சவ்வாது மலைப்பக்கத்துக் காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் ஆடித் தொலைநோக்கி விண்மீன்களை நோக்கி வருகின்றது.

வடசென்னைப் பட்டறைகளில் உருகி ஓடும் இரும்பு எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்து என்பர். மண்ணுக்கு எங்கிருந்து வந்தது? இறந்துபோன விண்மீன்களின் உலையிலிருந்து! தொழிலாளியின் குருதியில் ஓடும் இரும்பும் அதுவே. இதனை அறிந்தவன் தன்னைத் தாழ்ந்தவன் என்றோ பிறனைத் தாழ்ந்தவன் என்றோ எங்ஙனம் கருதுவான்? சாதிப் பிரிவினைக்கு வானியல் தரும் மறுமொழி இது.

கடலோரத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஞாயிறு சில வேளைகளில் சீறும். கோடிக்கணக்கான டன் மின்துகள்களைக் காந்தப்புலத்தோடு உமிழும். அது நிலவுலகை நோக்கி வந்தால் காந்தப் புயலாகும். 1859 இல் நேர்ந்த பெரும்புயலில் தந்திக் கம்பிகள் பொறி கக்கின. 1989 மார்ச்சு 13 இல் கனடாவின் கியூபெக்கு மாநிலத்தில் மின்சாரம் அற்று, ஏறத்தாழ 60 இலக்கம் மக்கள் பல மணிநேரம் இருளில் ஆழ்ந்தனர். 2022 பிப்ரவரியில் அமெரிக்க நிறுவனம் ஒன்று விடுத்த 49 செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை, அப்போதெழுந்த புயலால் மேற்காற்று தடித்தமையின் எரிந்து வீழ்ந்தன. 2024 மே 10, 11 நாள்களில் எழுந்த புயல் இருபதாண்டுகளில் காணாத வலிமையுடையது. வடமுனைக்குரிய வண்ணவொளி இலடாக்கு மலைவானிலும் தெரிந்தது.

மின்கம்பிகளுக்கு நேரும் கேடு வடநாடுகளுக்கே மிகுதி, வெப்பநாடுகளுக்குக் குறைவு. இதனை மிகைப்படுத்தி அச்சுறுத்துதல் முறையன்று. ஆனால் வேறொன்று தமிழகத்துக்கே உரியது. காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்பகுதி வழியே செல்கின்றது. தும்பாவில் 1963 இல் ஏவுதளம் அமைத்ததற்கும் அதுவே கரணியம். அக்கோட்டையொட்டிய பகுதிகளில் மேல்வானின் மின்படலம் அடிக்கடி குலையும். செயற்கைக்கோளிலிருந்து வரும் அலைகள் தடுமாறும். எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் வந்துபோகும் கப்பல்கள் வழியறிவது அவ்வலைகளைக் கொண்டு; ஆழ்கடலில் விசைப்படகோட்டும் மீனவர் இடமறிவதும் அவ்வலைகளைக் கொண்டே. ஞாயிற்றின் சீற்றத்தை முன்னறிந்தால் அவர்க்கு எச்சரிக்கை கிட்டும். எல்-1 இல் நிற்கும் கலம், நிலவுலகை அடையுமுன் புயற்காற்றைத் தொட்டுணரும் காவலாள். பழவேற்காட்டு மீனவர் கரையில் நின்ற அந்த ஒருநாளுக்கும், அவர் கடலில் நிற்கும் பலநாளுக்கும் உள்ள தொடர்பு இதுதான். இதனை அவர்க்கு யார் சொன்னார்?

பெருமை வேறு, பொருமல் வேறு

புறநானூற்றில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், ஞாயிற்றின் வழியையும் விரைவையும் வட்டத்தையும் காற்றின் இயக்கத்தையும் நேரிற் சென்று அளந்தவர்போலச் சொல்ல வல்லாரைக் குறிப்பிடுகின்றார். இளங்கோவடிகள் தம் காப்பியத்தைத் திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் போற்றித் தொடங்குகின்றார். இவை தமிழர்தம் வானறிவு வேட்கைக்குச் சான்று. ஆயின் அன்றே தமிழன் விண்கலம் விட்டான் என்று வீண்பெருமை பேசுவது அப்புலவர்க்கே இழுக்காகும். அளந்தவரைப் போற்றிய புலவரின் வழித்தோன்றல் தானும் அளக்கவேண்டும். அதுவே வழிவழி மரபு.

அளப்பதற்கு மொழி தடையா? பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடியில் அரசுப் பள்ளியில் தமிழ்வழிப் பயின்ற மயில்சாமி அண்ணாதுரைதான் 2008 இல் நிலவுக்குச் சென்ற முதல் இந்தியக் கலத்தின் திட்ட இயக்குநர். தமிழ்வழிக் கல்வி அறிவியலுக்கு ஆகாது என்போர் வாயை அவ்வொருவர் வாழ்க்கையே அடைத்துவிட்டது. இருந்தும் தமிழ்நாட்டில் உயர்கல்வி அறிவியல் ஆங்கிலத்திலேயே கிடக்கின்றது. கலங்களின் பெயரோ வடமொழியில். அறிவுக்கு ஆங்கிலம், பெயருக்கு வடமொழி, வரி கொடுப்பதற்கும் கடற்கரையை விட்டுக் கொடுப்பதற்கும் மட்டும் தமிழன் என்றால் அது என்ன முறை? நடுவணரசின் ஒவ்வோர் ஏவுதலுக்கும் தமிழில் விளக்கநூல் கேட்பது இரத்தல் அன்று, உரிமை. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பெற்ற ஏவுதளம் எழும்போதாவது, அதன் வாயிற்பலகை முதல் வழிகாட்டி நூல்வரை தமிழில் இருக்கவேண்டும்.

குற்றம் முழுதும் தில்லியின்மேல் மட்டும் இல்லை. ஞாயிறு என்று சொல்ல நாணி, 'சன்' என்று குழந்தைக்குக் கற்பிக்கும் வீடுகள் மீஞ்சூரிலும் உண்டு. கலைச்சொல் இல்லை என்று சொல்லும் ஆசிரியர், முடியொளி, கரும்புள்ளி, காந்தப்புயல், ஊடுகதிர் என்று இப்பொழிவில் வந்த சொற்களை எண்ணிப் பார்க்கட்டும். சொல் இல்லாமையன்று குறை. சொல்ல மனமில்லாமையே குறை.

செய்யத்தக்கன

கூடியிருக்கும் இளைஞர்க்கு எளிய பணிகள் நான்கு. ஒன்று: அட்டையில் ஊசித்துளையிட்டு, ஞாயிற்றின் உருவை வெண்தாளில் வீழ்த்திச் சிறுவர்க்குக் காட்டுக. ஞாயிற்றை வெறுங்கண்ணாலோ தொலைநோக்கியாலோ நேராகப் பார்த்தல் கண்ணைக் கெடுக்கும். இதனை முதற்பாடமாகக் கற்பிக்க. இரண்டு: ஒவ்வோர் ஏவுதல் நாளிலும் பழவேற்காட்டுக் கரையில் மீனவர் நடுவே நின்று, அன்று செல்லும் கலம் எது, எதற்கு என்று தமிழில் எடுத்துரைக்க. மூன்று: பள்ளி மாணவரைக் கோடைக்கானலுக்கும் காவலூருக்கும் அழைத்துச் செல்க, நுங்கம்பாக்கத்துத் தூணில் உள்ள தமிழெழுத்தைக் காட்டுக. நான்கு: கேட்டதையும் கண்டதையும் தமிழில் எழுதுக, பிழையிருந்தால் திருத்துக, எழுதாமல் இருக்கவேண்டா.

மீண்டும் ஒருநாள் வடவானில் தீக்கொழுந்து எழும். அப்போது மாடியில் நிற்கும் சிறுமி, "அம்மா, அது எங்கே போகின்றது?" என்று கேட்பாள். அத்தாய் தன் மொழியிலே, தடுமாறாமல், உண்மையான விடையைச் சொல்லும் நாளே தமிழ்நாட்டுக்கு விடியும் நாள்.

ஞாயிறு எல்லார்க்கும் பொது. அதனை அறியும் அறிவும் எல்லார்க்கும் பொது ஆகுக!

வெல்க தமிழ்!